சொலவடை நோட்டின் மூன்றாவது கட்டம்

மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் கிண்டும்போது ஒரு வாசனை வரும். பசியைக் கிளப்பும், ஆனால் வாயில் வைக்க முடியாது. பள்ளிக்கூட நோட்டுகளுக்குக் காக்கி அட்டை போட எங்கள் வீட்டில் அந்தப் பசையைத்தான் காய்ச்சுவோம். நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, தமிழ் டீச்சர் கேட்டார் என்பதற்காகத் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, சூடு ஆறாத பசையை விரலால் தடவி அட்டை ஒட்டி, அதன் மேல் என் பெயருக்குக் கீழே ‘சொலவடை’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். இன்றைக்கும் எங்காவது மைதா கொதிக்கும் வாசனை வந்தால் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். நான் பொதுவாகவே பயந்த சுபாவம். காஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று நாலு முறை திரும்பிப் பார்க்கிற ஆள். ஆனால் அந்த நோட்டு தந்த பயம் மற்ற எதையும் போன்றதில்லை.

அப்போது நாங்கள் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பார்சல் ஆபீசில் வேலை. அம்மா பாண்டியம்மாள், உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவள். என் அக்கா செல்விக்கு இருபது வயது. இரண்டு தெரு தள்ளி அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், அதாவது எங்கள் மாமா, குடும்பத்தோடு இருந்தார். மாமாவின் மகன் கண்ணனுக்கு அக்காவைக் கொடுப்பது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மாமாவின் மகள் ரேவதி என் வகுப்பில், என் பெஞ்சில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். கதைக்கு வேண்டிய ஆட்கள் இவ்வளவுதான், ஒருவரைத் தவிர. அவர் மாமாவின் மனைவி, எங்கள் அத்தை.

அம்மா சொலவடை இல்லாமல் பேசமாட்டாள். பால்காரர் தாமதமாக வந்தால் ஒன்று, அப்பா குடையை மறந்துவிட்டு வந்தால் ஒன்று, பக்கத்து வீட்டில் புது ஃபேன் மாட்டினால் ஒன்று. ஆடும் கோழியும் கழுதையும் மாமியாரும் மருமகளும் அவள் வாயிலிருந்து வந்துகொண்டே இருப்பார்கள். நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். அது ஒரு விசேஷமான விஷயம் என்று தமிழ் டீச்சர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

டீச்சர் ஒருநாள் போர்டில் ‘பழமொழி’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘முதுமொழி’ என்று எழுதி, இவையெல்லாம் புத்தகத்துச் சொற்கள், உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். முக்கால்வாசிப் பேர் ‘சொலவடை’ என்றோம். தெற்கேயிருந்து வந்த ஒரு பையன் தன் வீட்டில் ‘சொலவம்’ என்பார்கள் என்றான். டீச்சருக்கு ஏக சந்தோஷம். சொலவடை என்றால் என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொன்னார். கூடவே, வீட்டில் வழங்கும் சொலவடை இருபது. நோட்டில் மூன்று கட்டம் போட வேண்டும். முதல் கட்டத்தில் சொலவடை, இரண்டாவதில் பொருள், மூன்றாவதில் யார் எந்தச் சமயத்தில் யாரைப் பற்றிச் சொன்னது என்ற விவரம்.

சாயங்காலம் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

“சொலவடைன்னா என்னம்மா?”

“சொல்றதுதான்.”

“அது எங்கருந்து வந்துச்சு?”

“வாய்லருந்து. வேற எங்கருந்து வரும்?”

சரி, இருபது சொல்லு என்றேன். அம்மா யோசித்தாள், தலையைச் சொறிந்தாள், உதட்டைப் பிதுக்கினாள். நாள் முழுக்கச் சரளமாக வந்தது, கேட்டவுடன் ஒன்றுகூட வரவில்லை. “சும்மா கேட்டா எப்படி வரும்? அதுக்கு ஒரு ஆளு வேணும்ல” என்று எழுந்து போய்விட்டாள். அதன் அருமை அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அம்மா ஒத்துழைக்கவில்லை என்றுதான் கோபப்பட்டேன்.

ஆகவே நான் ஒளிந்திருந்து எழுத ஆரம்பித்தேன். பாடம் படிப்பதுபோல நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிடுவேன். அம்மா வாயைத் திறந்தால் என் பென்சில் ஓடும். பத்து நாளில் இருபதும் சேர்ந்துவிட்டது. மூன்றாவது கட்டத்தில் ஒளிவுமறைவே கிடையாது. வீட்டு ஓனரைப் பற்றி, சித்தப்பாவைப் பற்றி, எதிர் வீட்டு அக்காவைப் பற்றி என்று தேதி போடாத குறையாக எழுதியிருந்தேன். டீச்சரைப் பற்றி அம்மா சொன்ன ஒன்றை மட்டும் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

பதினாலாவது, அத்தையைப் பற்றியது. அத்தை ஒருநாள் கால் கிலோ சீனிச்சேவு வாங்கி வந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்று எதிர் வீட்டாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் “நாத்தனா வீட்டுக்குப் பலகாரம் கொடுக்க வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் தலை மறைந்ததும் அம்மா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஒரு சொலவடை சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதியதால் வந்த வினையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது கட்டத்தில் ‘கடுகளவு கொடுத்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவர்களைக் குறிப்பது’ என்று பொருள் எழுதினேன். மூன்றாவது கட்டத்தில், ‘எங்கள் அத்தை சீனிச்சேவு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன பிறகு, அத்தையைப் பற்றி என் அம்மா சொன்னது’ என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முற்றுப்புள்ளியும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். டீச்சர் நோட்டுகளை வாங்கிக்கொள்வார் என்று நினைத்திருந்தோம். அவரோ, அறுபது நோட்டை என்னால் பார்க்க முடியாது, பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொள்ளுங்கள், வீட்டில் வைத்துத் திருத்தி மார்க் போட்டு, திருத்தியவர் என்று கையெழுத்துப் போட்டு திங்கள்கிழமை கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். நான் என் நோட்டை ரேவதியிடம் கொடுத்தேன். நானே என் கையால் கொடுத்தேன். அவள் கேட்கக்கூட இல்லை. தெப்பக்குளத்துச் சுவரை ஒட்டி நடந்து வரும்போதுதான், பதினாலாவது நினைவுக்கு வந்தது. கால் அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் பூ வைக்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து, பெண்ணின் தலையில் பூவை வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அதுவரைக்கும் இரண்டு வீட்டாரும் கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் வைத்திருப்பதுபோலத்தான் நடந்துகொள்வார்கள். எங்கள் ஆட்களுக்கு வசவு பெரிதில்லை. நேருக்கு நேர் திட்டிக்கொண்டால் மறுநாள் பேசிவிடுவார்கள். சாடையாக ஒரு சொலவடையை விட்டு, அது போய்ச் சேர வேண்டிய காதில் சேர்ந்துவிட்டால் அவ்வளவுதான். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில், பூ வைக்க வந்த இடத்தில் பாயசத்தைப் பற்றி யாரோ ஒன்றைச் சொல்லப்போக, வந்தவர்கள் கொண்டுவந்த தட்டுகளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் அதன் பிறகு பல வருஷம் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் மாமா வீட்டுக்கு ஓடினேன். அத்தை முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ரேவதி என்னைப் பார்த்ததும் உள்ளே போகப் பார்த்தாள். நோட்டைக் கொடு, ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன். “அம்மா வாங்கி வச்சிருக்கு” என்றாள் தரையைப் பார்த்தபடி.

அத்தை எட்டாவது வரைக்கும் படித்தவள். கடையில் சாமான் கட்டிவரும் பேப்பரைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் எறிவாள். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஒனக்கு நல்ல எழுத்து” என்றாள். “முத்து முத்தா எழுதிருக்க. எம்மகளுக்கு இப்படி வராது.”

நான் நின்றேன். இன்னும் இரண்டு கொத்துக் கீரையை உருவினாள்.

“நாளைக்குத்தான் வாரோம்ல. நோட்ட நானே கொண்டாறேன். அம்மாகிட்டச் சொல்லிரு.”

அவள் குரலில் கோபம் இருந்ததா என்று நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

வீட்டில் அம்மா, நாளைய விருந்துக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் மறுநாள் வரைக்கும் அதை என்னால் வைத்திருக்க முடியவில்லை. அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா அடிக்கவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“எம்புட்டு எழுதிருக்க?”

“இருபது.”

“பேரு போட்டா?”

“டீச்சர் போடச் சொன்னாங்க.”

“உங்கப்பாட்டச் சொல்லாத” என்றாள். திரும்ப உளுந்தில் கையை விட்டாள். இந்த மாதிரிச் சமயத்துக்கு என்று அவளிடம் பத்துச் சொலவடையாவது இருக்கும். ஒன்றும் வராதது எனக்கு அடியைவிடப் பெரிதாக இருந்தது.

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே கண்ணன் மச்சான்தான். மச்சான் பேரைச் சொல்லிக் கிண்டல் செய்தால் கோபப்படுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். இது கெட்டால் அடுத்து யாரோ ஒரு தெரியாத ஊருக்குத்தான் அவளைக் கொடுப்பார்கள். “ஏண்டி இப்படிப் பண்ணுன?” என்று மட்டும் கேட்டாள். தினமும் அவள்தான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சீப்போடு போய் நின்றபோது அவள் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். நானே கோணல்மாணலாக ஒரு சடை போட்டுக்கொண்டேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். மாமா, அத்தை, ரேவதி, இன்னும் ஏழெட்டுப் பேர். வெற்றிலைத் தட்டு, பழத் தட்டு, பூத் தட்டு. பூத் தட்டு அத்தையின் கையில் இருந்தது, தோளில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. அந்தப் பைக்குள் ஒரு மூலை விடைத்துக்கொண்டு தெரிந்ததை நான் பார்த்துவிட்டேன். அப்பா எல்லாரையும் வாங்க வாங்க என்று கும்பிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அந்த வீட்டிலேயே நிம்மதியாக இருந்த ஆள் அவர் ஒருவர்தான்.

அக்காவைக் கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தார்கள். பூவை வைக்கலாமே என்று மாமா சொன்னார். அத்தை தட்டைத் தூக்கவில்லை. “ஒரு நிமிசம்” என்று எழுந்து, “பாண்டியம்மா, இங்க வா” என்று அடுப்படிக்குள் போனாள். அக்கா தலையைக் குனிந்தபடியே இருந்தாள். மடியில் இருந்த அவளுடைய விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். நான் எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனேன். என்னை யாரும் தடுக்கவில்லை.

அத்தை மஞ்சப்பையிலிருந்து நோட்டை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

“நீ சொன்னத நான் தப்புன்னு சொல்ல வரல பாண்டியம்மா. நான் ஒன்னையச் சொன்னதெல்லாம் எழுதி வைக்க எங்கூட்ல ஆளில்ல. அம்புட்டுத்தான் வித்தியாசம்.”

அம்மா நோட்டைப் பிரிக்காமல் அடுப்பு மேடையில் வைத்தாள்.

“ஆனா ஒண்ணு. நாளைக்கு ஒம்மக எங்கூட்டுக்கு வாரா. அவளப் பத்தி நானும் சொல்லுவேன், என்னையப் பத்தி அவளும் சொல்லுவா. சொன்னா சொன்ன எடத்தோட போயிரணும். பேரப் போட்டு, எழுதி, ஊருக்குக் காமிக்கக் கூடாது. எம்மக வாசிச்சுக் காமிச்சா எனக்கு. பெத்த மக வாயால அதக் கேட்டேன்.”

கடைசி வாக்கியத்தில் அத்தையின் குரல் இறங்கிவிட்டது. அவள் கோபமாக இருப்பாள் என்றுதான் இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். அவளுக்கு அவமானமாக இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மனசுல வச்சுக்காதீங்க மதினி. இனிமே இந்த வாயில ஒண்ணும் வராது.”

“அதுக்கா சொன்னேன்” என்றாள் அத்தை. ஆனால் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பிறகு அத்தை கூடத்துக்குப் போய், தட்டிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து, அக்காவின் தலையில் வைத்தாள். யாரோ குலவை போட்டார்கள். என்ன ரகசியம் என்று மாமா கேட்டதற்கு, பாயசத்துக்கு முந்திரி பற்றிப் பேசினோம் என்றாள்.

திங்கள்கிழமை நோட்டை டீச்சரிடம் கொடுத்தேன். இருபதுக்குப் பத்தொன்பது. பதினாலாவதில், மூன்றாவது கட்டத்தில் இருந்த அத்தையும் சீனிச்சேவும் தெரியாதபடி நீல மையால் கட்டம் முழுவதும் அடிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது கட்டத்தில் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டு, ரேவதியின் எழுத்தாக இல்லாத ஓர் எழுத்தில், ‘பொருள் தவறு’ என்று எழுதியிருந்தது. டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “பொருள் சரியாத்தானே இருக்கு?” என்றார். “இல்ல டீச்சர், தப்புதான்” என்றேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அத்தை நிறையச் செய்தாள், அவள் வழக்கப்படி எல்லாரிடமும் சொல்லவும் செய்தாள். அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். குடை தொலைந்தது, பால் திரிந்தது, பக்கத்து வீட்டில் கார் வந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மாவின் உதடு அசையும், கண் என் பக்கம் ஒரு முறை வந்துபோகும், பிறகு “ம்” என்பதோடு நின்றுவிடும். முதல் சில மாதங்கள் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். “அட போடி, எனக்கு ஒண்ணும் இல்ல” என்பாள். ஒன்றும் இல்லாதவள் பேசியிருப்பாளே.

படித்து, தமிழாசிரியை ஆகி, இப்போது திருநகரில் இருக்கிறேன். டீச்சர் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் விடவில்லை. அகராதிகளைப் புரட்டியிருக்கிறேன். பழமொழி என்ற பெயர் அதன் வயதைச் சொல்கிறது, முதுமொழியும் அப்படியே, பொன்மொழி அதன் மதிப்பைச் சொல்கிறது. சொலவடைக்குள் இருப்பது ‘சொலவு’, சொல்லுவது என்ற காரியம் மட்டும். கூட ஒட்டியிருக்கும் ‘அடை’ எப்படி வந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சொல்லும்போது கூடவே வந்து சேர்வது என்று நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்றதுதான், வாயிலிருந்து வருகிறது, அதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதைத்தான் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். நான் ‘அம்மாவுக்குத் தெரியவில்லை’ என்று எழுதினேன். ஆளைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஆளின் பெயரைச் சொல்லாமல் விடுவதுதான் அதில் உள்ள மரியாதை என்பது எனக்குத் தாமதமாகத்தான் பிடிபட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் இப்போது செல்போனிலிருந்து பழமொழிகளை எழுதிவருகிறார்கள். நாற்பது நோட்டிலும் அதே பத்து. யாரைச் சொன்னது என்று கேட்டால் விழிக்கிறார்கள். எனக்கு ஒரு பக்கம் வருத்தமாகவும் இன்னொரு பக்கம் அப்பாடா என்றும் இருக்கிறது.

அப்பா இல்லை, அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா என்னோடுதான் இருக்கிறாள்; தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் வண்டியூரில் அக்கா வீட்டில் போய்ப் பத்து நாள் தங்குவாள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு செத்துப்போய்விட்டது, அதைக் கொன்றது நான்தான் என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். போன தை மாதம் அம்மாவைத் திரும்ப அழைத்துவரப் போனேன். பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டதால் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. ஒரு சொலவடை. நான் கேட்டே இராத ஒன்று. அக்கா உடனே அதற்கு ஒன்று சொன்னாள், அது அத்தை சொல்லிக் கொடுத்ததாக இருக்கும். அம்மா சிரித்துக்கொண்டே இன்னொன்று. அக்காவின் மருமகள், எதிர் வீட்டுக்காரர், இன்னும் யார் யாரோ, பெயர் சொல்லப்படாமலே அதில் வந்து அடிபட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு செருப்பைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றாமல், எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஏதோ ஒன்றில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அதைக் கேட்க அரை அடி முன்னால் வந்தேன்.

அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். இருவரும் நிறுத்தினார்கள்.

“வாடி, இம்புட்டுச் சீக்கிரம் வந்துட்ட” என்றாள் அம்மா. “வெயிலா இருக்கா வெளிய? காபி குடிக்கிறியா?”